என் நெஞ்சுக்குள் தினமும் தூர் வாருகிறேன்!

எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்கு முதலில் கேட்கும் சத்தம் பால் குக்கரின் விசில் இல்லை. என் இருமல்தான். இருபது நிமிடம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, மூச்சை இழுத்து, பிடித்து, "ஹா... ஹா..." என்று தள்ளி, கடைசியில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் துப்புவேன். அதன் பிறகுதான் வாசல் தெளிப்பது, கோலம், காபி எல்லாம். பன்னிரண்டு வருடமாக இதுதான் பழக்கம். தீபாவளி அன்றும் உண்டு, மகள் கல்யாணத்தன்று மண்டபத்து அறையிலும் உண்டு.

சளியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிக்காதீர்கள். இருபத்தேழு வருடம் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காததால்தான் நான் இந்தப் பாடுபட்டேன்.

நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், காவலூரில். வாணியம்பாடியில் பஸ் ஏறி ஆலங்காயம் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து எழுநூறு மீட்டருக்கு மேல். வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. ராத்திரி வானம் இருட்டாக, தெளிவாக இருக்கும் இடம் வேண்டும் என்று விஞ்ஞானி வைணு பாப்பு தேடிப் பிடித்த ஊர். 1986-ல் இங்கே பெரிய தொலைநோக்கியைத் திறந்து அவர் பெயரையே வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. என் வீட்டுக்காரருக்கு அங்கே ராத்திரி வேலை. 1989-ல் கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்தபோது போளூர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மலைக்காத்து. உன் நெஞ்சுக்கு நல்லது, போ."

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வயதில் எனக்குக் காசநோய் வந்தது. ஊசியும் மாத்திரையுமாக வைத்தியம் நடந்தது. நான்காவது மாதமே உடம்பு தேறிவிட்டது, பசி எடுத்தது, கன்னம் நிறைந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முழுக்க என் முட்டாள்தனம். மறுபடி காய்ச்சல் வந்து, மறுபடி ஆரம்பித்து முடிப்பதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. கிருமி போய்விட்டது. இருமல் மட்டும் போகவில்லை.

நல்ல காற்று நுரையீரலைக் குணமாக்கும் என்பது பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் 1915-ல் மதனப்பள்ளி ஆரோக்கியவரமும், 1928-ல் தாம்பரம் சானடோரியமும் வந்தன. பிறகு 1956-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கி, ஏழைக் குடும்பங்களில் சிலரை வீட்டிலேயே வைத்தும் சிலரை சானடோரியத்தில் சேர்த்தும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். கிருமியைக் கொன்றது மாத்திரைதான் என்று உலகத்துக்கே தெரிந்தது. அந்தக் கிருமி போகிற போக்கில் என்ன சேதம் செய்துவிட்டுப் போகிறது என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லாத பாதிக் கதை.

தினமும் விடியற்காலையில் கொத்துக் கொத்தாகச் சளி வரும். குனிந்து கூட்டினால் வரும். இடது பக்கம் படுத்திருந்து வலது பக்கம் திரும்பினால் வரும். மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம். ஊரில் நல்ல காற்று இருந்து என்ன? நான் உட்கார்ந்தது விறகடுப்பு முன்னால். மழைக்காலத்து ஈர விறகு, ஜன்னல் இல்லாத சமையலறை. ஊதுகுழலை எடுத்து ஊதினால் முதலில் வருவது இருமல், அதற்கப்புறம்தான் நெருப்பு.

வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் தொலைநோக்கியோடு இருப்பார். நான் இருட்டில் இருமிக்கொண்டிருப்பேன். அவர் வந்து, "ராத்திரி எப்படி?" என்று கேட்டால், "நல்லாத்தான் தூங்கினேன்" என்பேன். அந்தப் பொய் எதற்கு என்று இப்போது யோசித்தால் எனக்கே புரியவில்லை.

2003-ல் காய்ச்சலோடு இருமல் கூடியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் நிழல் தெரிகிறது, பழைய நோய் திரும்பிவிட்டது என்றார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இருந்தாலும் எட்டு மாதம் மாத்திரை, முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. வாய் கசந்தது, காது ரீங்கரித்தது. பத்து வயது மகளைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அப்போதும் இருமல் அப்படியே.

இனி 2013-க்கு வருகிறேன். மாசி மாதம். மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலூரில் வேலை, மகளுக்கும் பிடித்திருந்தது. முந்தின நாளே எனக்கு ஒரே பயம். வந்தவர்கள் முன்னால் இருமிவிட்டால்? "பொண்ணோட அம்மாவுக்கு டிபியாமே" என்று ஒரு வார்த்தை போதுமே! மருந்துக்கடையில் இருமலை அடக்கும் சிரப் ஒன்று வாங்கி இரண்டு நாள், வேளைக்கு இரண்டு மூடி குடித்தேன். கண் செருகியது, ஆனால் இருமல் நின்றுவிட்டது. கேசரி கிண்டினேன், பஜ்ஜி போட்டேன், சிரித்துப் பேசினேன். சம்பந்தியம்மா ஆகப் போகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை என்ன சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார்.

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தொண்டையில் ஏதோ வெதுவெதுப்பாக ஏறியது. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன். ரத்தம். அரை டம்ளர் இருக்கும்.

ஜனவரியிலிருந்து மே வரை எங்கள் வானம் தெளிவாக இருக்கும். அதனால் அன்றும் அவருக்கு வேலை. மகள்தான் போன் செய்தாள். அவர் வந்து நின்ற கோலத்தை மறக்க மாட்டேன். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக, கையில் அணைக்க மறந்த டார்ச். 108 வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கும்போது நான் மல்லாந்து படுத்திருந்தேன். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. நெஞ்சில் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ரத்தம் நல்ல பக்கத்துக்கும் ஓடி மூச்சை அடைத்துவிடும்.

மலையடிவாரத்தில் முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "டிபிதாம்மா, மூணாவது தடவை" என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார்கள். மகள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சளியில கிருமி இருக்கான்னு பாக்காமலேயா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. "மாத்திரையை நாளைக்கு ஆரம்பிச்சுக்கலாம்ப்பா. வேலூர் போகலாம்" என்றாள். இருபது வயதுப் பெண். அன்று அவள்தான் எனக்கு அம்மா.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. முதலில் ரத்தத்தை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு இளம் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்விகளைக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு சளி வரும்மா? ஸ்பூன் கணக்கா, டம்ளர் கணக்கா?"

"அரை டம்ளருக்கு மேல வரும் சார்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தேழு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் விரல் நகங்களைப் பார்த்தார். நுனி உருண்டு, கிளி மூக்கு போல வளைந்திருந்தன. எங்கள் குடும்பத்து நகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, அன்றைக்கு வரும் சளியையெல்லாம் அதில் சேர்க்கச் சொன்னார். சாயங்காலம் பார்த்தால் குப்பிக்குள் மூன்று அடுக்கு. மேலே நுரை, நடுவில் கொழகொழப்பு, அடியில் சீழ். பிறகு சி.டி. ஸ்கேன்.

ஸ்கேன் படத்தில் அவர் எங்களுக்கு ஒரு மோதிரத்தைக் காட்டினார். மூச்சுக்குழாயும் ரத்தக்குழாயும் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடுமாம். நல்ல நுரையீரலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. எனக்கு இடது பக்கத்துக் கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய் விரிந்துபோய் வளையமாகத் தெரிய, பக்கத்து ரத்தக்குழாய் அதில் பதித்த கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. "கல் வெச்ச மோதிரம்" என்றாள் மகள். "டாக்டர்களும் அப்படித்தான் சொல்வோம்" என்று சிரித்தார் அவர்.

நோயின் பெயர் பிராங்கியெக்டாசிஸ். மூச்சுக்குழாய் விரிவு நோய். மகள் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1819-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டாராம். என் காதுக்கு வந்து சேர இத்தனை காலம்!

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உண்டு. அவை ராப்பகலாகத் துடைப்பம் போல வேலை செய்து தூசியையும் சளியையும் மேலே தள்ளும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுவோம். காசநோயோ, கடுமையான நிமோனியாவோ, குழந்தையில் வந்த கக்குவானோ சுவரைப் புண்ணாக்கிவிட்டால் துடைப்பம் தேய்ந்துவிடும், குழாயும் தொய்ந்து அகன்றுவிடும். அகன்ற இடத்தில் சளி தேங்கும். தேங்கினால் கிருமி சேரும். கிருமி சேர்ந்தால் வீக்கம், வீக்கம் வந்தால் சுவர் இன்னும் கெடும், இன்னும் அகலும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றும்.

"அப்ப இது டிபி இல்லையா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"டிபி விட்டுட்டுப் போன தழும்பு. தழும்பு யாருக்கும் ஒட்டாது."

நான் அழுதுவிட்டேன். பத்து வருடம் முன்பு மகளைத் தனியாகப் படுக்க வைத்த ராத்திரிகள் ஞாபகம் வந்துவிட்டன.

சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் காத்திருந்தும் காசநோய்க் கிருமி வளரவில்லை. மூன்றாவது முறை மாத்திரை தேவைப்படவில்லை. நான் தனி ஆள் இல்லை என்பது பிறகு தெரிந்தது. இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிராங்கியெக்டாசிஸ் நோயாளிகளைப் பதிவு செய்து 2019-ல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மேல் காசநோயால் வந்தவர்கள். மேல்நாடுகளில் அந்தக் காரணம் இந்த அளவுக்கு இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் மரபணுப் பரிசோதனை வந்திருக்கிறது. அருமையான விஷயம். ஆனால் முன்பே காசநோய் வந்து குணமானவர்களுக்குச் செத்த கிருமியின் மிச்சம்கூட அதில் சிக்கக்கூடும் என்பதால், பழைய கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்காக, "எனக்கு வெறும் சளிதான்" என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய் திரும்பியும் வரலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது பரிசோதனை. பக்கத்து வீட்டுக்காரர்களோ நீங்களோ இல்லை.

இருமல் சிரப் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வீட்டுச் சாக்கடையை அடைச்சுட்டு விருந்தாளியை வரவேற்ற மாதிரி இருக்கும்மா. இருமல் உங்களுக்கு எதிரி இல்லை. அதுதான் உங்க கூலியாள்" என்றார்.

அங்கே பிசியோதெரபி பார்த்த பெண் கேரளாக்காரி. என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டு மூன்று நாளில் ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்தாள். முதலில் சாதாரணமாக மெதுவாக மூச்சு. பிறகு நெஞ்சு நிறைய இழுத்து மூன்று எண்ணும்வரை பிடித்து விடுவது, நான்கைந்து தடவை. அதன் பிறகு வாயை 'ஓ' என்று திறந்து, தொண்டையை இறுக்காமல், அடிவயிற்றிலிருந்து "ஹா" என்று காற்றைத் தள்ளுவது. "கண்ணாடியைத் துடைக்கறதுக்கு முன்னாடி ஆவி விடுவீங்களே, அது மாதிரி" என்றாள். என் வீட்டுக்காரர் உடனே, "எங்க கண்ணாடி மேல மட்டும் விட்டுடாதே" என்றார். இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தொலைநோக்கிக் கண்ணாடி; அதன் மேல் தூசி படிந்தாலே அவர்களுக்குத் தூக்கம் வராது.

கண் சிவக்க, தொண்டை கிழிய இருபத்தேழு வருடம் இருமியும் வராத சளி, இந்த "ஹா"வுக்கு அலுங்காமல் மேலே வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஏரியில் தூர் வாருவார்களே, அதேதான். ஒரு வருடம் விட்டுவிட்டால் மேடு தட்டிவிடும்.

ஆரம்பத்தில் கட்டில் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து, தலையைத் தாழ்த்தி வலப்பக்கமாகப் படுக்கச் சொன்னார்கள். இடது கீழ்ப்பகுதி மேலே வந்தால் சளி தானாக வழியும். பிறகு எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததும் செங்கல்லை எடுத்துவிட்டு, மட்டமாகப் படுத்தே செய்யச் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கு எதுவும் செய்யாமல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

சளி கெட்டியாக இருந்தால் உப்பு நீரை நெபுலைசரில் வைத்து இழுக்கச் சொல்வார்கள். இது சமையல் உப்பைக் கரைத்துச் செய்கிற காரியம் இல்லை. மருந்துக்கடையில் வரும் கிருமி இல்லாத உப்பு நீர். சிலருக்கு நெஞ்சு இறுக்கும் என்பதால் முதல் தடவை மருத்துவமனையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். ஊதினால் அதிரும் சின்னக் கருவி ஒன்றும் உண்டு. அப்போது எங்களால் வாங்க முடியவில்லை. கேரளாப் பெண் ஒரு பாட்டிலில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் அகலமான குழாயைச் செருகி, அதில் ஊதிக் குமிழி விடச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் தண்ணீரை மாற்றி, குழாயைக் கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே இருக்கும் கிருமியை நாமே உள்ளே அழைத்துக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வானாய்வகத்தில் ஒவ்வொரு ராத்திரியும் மேகம், பனி, காற்று என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். அதே பழக்கத்தில் எனக்கும் ஒரு நோட்டுப் போட்டார். தேதி, எத்தனை ஸ்பூன், என்ன நிறம், காய்ச்சல் உண்டா, எடை. நிறத்துக்கு அவர் எழுதும் வார்த்தைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'இளநீர்', 'பனங்கிழங்கு மஞ்சள்', 'பாசி'. ஆனால் அந்த நோட்டுதான் 2017-ல் என்னைக் காப்பாற்றியது. நான்கு நாளாகத் தொடர்ந்து 'பாசி' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வரும் முன்பே டாக்டர் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினார். சூடோமோனாஸ் என்ற பிடிவாதக் கிருமி. சாதாரண மாத்திரை எதுவும் அதனிடம் செல்லாது. மருத்துவமனையிலேயே தங்கி இரண்டு வாரம் ஊசி போட்டுக்கொண்டேன். முன்பென்றால் கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கி, கிருமிக்கு இன்னும் தைரியம் கொடுத்திருப்பேன்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் அஸித்ரோமைசின் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு முன்னால் இ.சி.ஜி., காது பரிசோதனை, இன்னொரு முறை சளிப் பரிசோதனை எல்லாம். முன்பே ஊசியில் அடி வாங்கிய காது ஆயிற்றே! வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசியும் போட்டாயிற்று. விறகடுப்பு கொல்லைக்குப் போய்விட்டது. வெந்நீருக்கு மட்டும் அவர் பற்ற வைப்பார், நான் அந்தப் பக்கம் போவதில்லை. தினமும் முட்டை, சுண்டல், சாமைக் கஞ்சி. முப்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தாறு ஆனேன். தினமும் வானாய்வகத்துச் சாலையில் நடப்பேன். மூச்சு வாங்கும்போது நின்று பலாமரத்தை வேடிக்கை பார்ப்பேன். இந்த நோய்க்கென்றே ஒரு மாத்திரைக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது என்று மகள் படித்துச் சொன்னாள். நம் ஊர் மருந்துக்கடைக்கு வரும்போது வரட்டும். "ஹா"வுக்குச் செலவில்லை.

அந்த வேலூர் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததை மறைக்க முடியவில்லை. தரகர் மூலம், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்காக அல்ல என்று சொன்னாள். என்னால்தான் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருடம் கழித்து அடுத்த இடம் வந்தபோது, முதல் போனிலேயே நான் சொல்லிவிட்டேன்: "எனக்கு நெஞ்சில ஒரு தொந்தரவு இருக்குங்க. ஒட்டற நோய் இல்லை. ஆனா காலையில இருபது நிமிஷம் பயங்கரமா இருமுவேன். வீட்டுக்கு வந்தா கேக்கும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா கேட்டார், "நீங்க எந்த டாக்டருங்க பாக்கறீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் இருபது வருஷமா இப்படித்தான் சளி வருது. சிகரெட்டுன்னு சொல்லிச் சொல்லியே விட்டுட்டோம்."

சம்பந்திக்கும் அதே நோய்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்தோம். அவர் சிகரெட்டை விட இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

பேரனுக்கு இப்போது ஏழு வயது. அரைப் பரீட்சை லீவுக்கு வந்திருக்கிறான். காலையில் நான் எழுந்ததும் அவனும் எழுந்துவிடுகிறான். தாத்தாவின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மூணு எண்ணியாச்சு பாட்டி, இப்ப ஹா சொல்லு" என்கிறான். இன்று காலை அவனே நோட்டில் எழுதினான். இரண்டு ஸ்பூன், இளநீர். 'இளநீர்' என்பதில் 'ள' போட வேண்டிய இடத்தில் 'ல' போட்டிருக்கிறான். தாத்தா திருத்தப் போனார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.